புகைக்கொட்டகை அலறல்

கார்ஸ்டென், டெக்சாஸ்
அக்டோபர் 23, 1975

அன்புள்ள ராய்ஸ் அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் யாரும் நலமாக இல்லை. நீயாவது நலமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். அப்பா கீழே வாசற்படியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலில் வெளிச்சம் தெரியக் கூடாது.

கலிஃபோர்னியாவிலிருந்து நீ அனுப்பிய கடற்கரை அட்டை கிடைத்தது. அம்மா அதை இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். உன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அட்டை தேவையில்லை. திறந்தவெளி தியேட்டர் சுவரொட்டியில், வாயெல்லாம் ரத்தமாக, எலும்பைக் கடித்துக்கொண்டு நீ நிற்கிறாய். தேவாலயத்துக்குப் போக வேறு வழி கிடையாது. அந்த இடம் வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள்.

வழிப்போக்கர்களைக் கொன்று தின்னும் குடும்பத்தைப் படம் எடுக்க நம் வீடுதான் பொருத்தம் என்று அந்த ஆட்களை அழைத்துவந்ததும் அதில் நடித்ததும் நீதான். அப்பாவுக்கு அப்போது எல்லாமே வேடிக்கை. கொலைகாரனாக நடித்த வெளியூர்க்காரன் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்து, “கொக்கியில ஒரு பன்னியை மாட்டத் தெரியல, இவனெல்லாம் மனுசனை வெட்டப் போறானாம்” என்று சிரித்தார். பிறகு அவரே கற்றுக்கொடுத்தார். வாசல் பெயர்ப்பலகையை மறைத்துவிடலாமா என்று டைரக்டர் கேட்டார். “எதுக்கு மறைக்கணும்? ஊரே பாக்கட்டும்” என்று சொல்லி அப்பா அதற்குப் புது வர்ணமே அடித்தார். ‘ரீமர் குடும்ப இறைச்சிக்கூடம்’. இப்போது ஊரே பார்த்துவிட்டது.

செப்டம்பரில் தேவாலய விருந்துக்கு வழக்கம்போல நம் சாசேஜ் போனது. எப்போதும் முதலில் காலியாகும் தட்டு அதுதான் என்று உனக்குத் தெரியும். இந்த முறை அப்படியே இருந்தது. போதகர் மட்டும் மரியாதைக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். பிறகு அது காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் கிடந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். தட்டுக்கு மூடி போட்டு எடுத்துவந்தாள்.

மான் வேட்டை தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மற்ற வருஷமாக இருந்தால், மானை வெட்டிப் புகைபோட்டுத் தரச் சொல்லி இதற்குள் நாற்பது பேராவது போன் செய்திருப்பார்கள். இந்த வருஷம் ஒருவர்கூடச் செய்யவில்லை. ஆனாலும் அப்பா தினமும் கொக்கிகளைத் துடைக்கிறார். பள்ளியில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் டேரல் வந்துவிடுவான். “ஏய் நெல்டா, இன்னைக்கு டப்பாவுல யாரு? ரிட்டையரான கணக்கு வாத்தியாரா? பாத்துடி, பழைய கறி, பல்லு போயிடும்.” எல்லோரும் சிரிப்பார்கள். நான் இப்போதெல்லாம் டப்பாவே கொண்டுபோவதில்லை.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. படப்பிடிப்பில் அந்த நடிகைக்குத் தொண்டை கட்டியபோது என்னைப் புகைக்கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கத்த வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? “நீ வளத்த கன்னுக்குட்டி டாட்டியை அப்பா வெட்டின நாளை நெனச்சுக்கோ, கத்தல் தானா வரும்” என்றாய். ஆறு தடவை கத்தினேன். ஆரஞ்சு சோடா கொடுத்தார்கள். அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை படம் விட்டதும் இரண்டு காரில் பையன்கள் வந்தார்கள். உடம்பில் வெள்ளை ஏப்ரன், அதில் தக்காளி சாஸ். வாசல் பலகையைத் திருடுவதற்காக டேரல் கம்பத்தில் ஏறினான். அப்பா வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். ஒருவனும் ஓடவில்லை, அண்ணா. கை தட்டினார்கள். “சூப்பர், பெருசு! இன்னொரு தடவை சுடு!” என்று கத்தினார்கள். அப்பா துப்பாக்கியைத் தாழ்த்தி டேரலின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து அலறினேன். கைதட்டல் இன்னும் பெரிதானது. “டேய், அதே கத்தல்டா! படத்துல வர்ற அதே கத்தல்!” என்று ஒருவன் துள்ளினான்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். துப்பாக்கியை இறக்கிவிட்டு உள்ளே போனார். அதன்பின் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அம்மாவிடம் மட்டும், “அடுத்த தடவை வானத்தைப் பாத்துச் சுட மாட்டேன்” என்றார்.

அம்மா போலீஸ்காரரிடம் போனாள். “பலகையைக் கழட்டிருங்கம்மா, பசங்க தானா அடங்கிருவானுங்க” என்றாராம். அப்பா, அது தன் அப்பா வைத்த பலகை, தான் செத்தபிறகு கழற்றிக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த வீட்டு அத்தையிடம், அன்றைக்குச் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன். “கேட்டுச்சுடி கண்ணு. படத்தைத்தான் போட்டு விளையாடுறானுங்கன்னு நெனச்சு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்” என்றாள்.

தோட்டாக்களை எடுத்துப் பன்றிக்கொழுப்பு டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். இன்று சாயங்காலம் அப்பா புதுப் பெட்டி வாங்கிவந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஹாலோவீன், ஊரே பேய் வேஷம் போட்டுச் சுற்றும் ராத்திரி. இரண்டு கார் இல்லை, பத்துக் கார் வரும் என்று டேரலே சொன்னான். அவனை எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் அவன் நம் வாசலில் செத்துக் கிடக்கக் கூடாது. அப்பா சிறைக்குப் போகக் கூடாது. அப்படி நடந்தால் அந்தப் படம் சொன்னது உண்மையாகிவிடும்.

இது திங்களன்று உன் கைக்கு வந்துவிடும். உடனே பஸ் ஏறினால் வியாழனுக்குள் வந்துவிடலாம். பலகையைக் கழற்ற நான் ஏணியில் ஏறினால் அப்பா இறக்கிவிடுவார். நீ ஏறினால் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். நீ போன நாளிலிருந்து உன் பெயரை அவர் சொன்னதே இல்லை. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியை நகர்த்த யாரையும் விடுவதில்லை.

உன் படங்கள் நன்றாக ஓடட்டும், அண்ணா. கடவுள் உன்னைக் காக்கட்டும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. அன்றைக்கு நான் எவ்வளவு கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள்.

உன் தங்கை,
நெல்டா