வெள்ளிமுடி எஸ்டேட் பயிற்சி வகுப்பும் அதைப் பார்வையிட்டு மெச்சிய பேராசிரியரும்

அனுப்புநர்:
ஞா. ஜெயபாக்கியம், பி.ஏ.,
தொழிலாளர் பயிற்சி டிப்ளமா மாணவி,
(ஏலக்காய் வியாபாரி ஞானமுத்து அவர்களின் மகள்),
கடைத்தெரு, போடிநாயக்கனூர்.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
சர்வகலாசாலை அலுவலகம்.

பொருள்: பேராசிரியர் டாக்டர் ஆதித்தன் அவர்கள் தாம் காணாததைக் கண்டதாகத் தொழிலாளர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது; கண்டதை எழுதிய மாணவியைத் தேர்வில் தவறியவளாக்கியது; இவை குறித்து விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கம்பெனிகளும் ஸ்தாபனங்களும் தங்கள் ஊழியர்களை எவ்வாறு பழக்கி வளர்க்க வேண்டும் என்பதைக் கற்பிக்கும் டிப்ளமா வகுப்பில், தங்கள் சர்வகலாசாலையில் நான் பயின்றேன். எழுத்துப் பரீட்சைகள் அனைத்திலும் தேறி, ஆய்வுக் கட்டுரையில் மட்டும் தவறியதாக அறிவிக்கப்பட்டிருக்கிறேன். ஏன் தவறினேன் என்பதை அறிவிப்புப் பலகை சொல்லவில்லை. நான் சொல்கிறேன், பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1. எங்களுக்குப் பாடம் நடத்தியவர் டாக்டர் ஆதித்தன் அவர்கள். தொழிலாளிக்கு எது தெரியாது என்று முதலில் கண்டறிய வேண்டும்; பிறகு அதைக் கற்பிக்க வேண்டும்; கற்பித்தபின் அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய், கற்றது கைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை அவர் மிக அழகாகச் சொல்வார். சீமை ஆலைகளை உதாரணம் காட்டுவார். அந்த ஆலைகளில் ஒன்றின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பாடம் நல்ல பாடம். நான் அதை நம்பினேன். போதித்தவர் நம்பவில்லை. இந்த மனுவின் சாரம் இவ்வளவுதான்.

2. கட்டுரைக்காக ஒவ்வொரு மாணவரும் ஒரு கம்பெனியில் தங்கிப் பயிற்சி முறையை ஆராய வேண்டும் என்பது விதி. என் ஊர் போடி என்பதால், போடிமெட்டுக்கு அப்பாலுள்ள வெள்ளிமுடி ஏலத் தோட்டத்தைக் கேட்டேன். பேராசிரியரே அனுமதி வாங்கிக் கொடுத்தார். தோட்டத்து மானேஜர் திரு. வேலுச்சாமி என்னைக் காப்பி கொடுத்து வரவேற்று, ஏலச் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களுக்கு வாரந்தோறும் வகுப்பு நடப்பதாகவும், இப்படி ஒரு வகுப்பு இந்த மலையில் வேறெங்கும் கிடையாது என்றும் சொன்னார். இரண்டாவது கூற்று உண்மைதான். இங்கேயும் கிடையாது.

3. வகுப்பறை என்று காட்டப்பட்ட அறையில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டைகளின் மேல் மானேஜரின் நாய் படுத்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நான் தங்கியிருந்த காலம் முழுவதும் அந்த அறைக்குள் போய் வந்த ஒரே மாணாக்கன் அந்த நாய்தான். மருந்தடிக்கும் சோலைமலை என்பவரிடம் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். "அப்பிடின்னா என்னம்மா? மருந்தத் தண்ணியில ஊத்துவோம், கலக்குவோம், பம்புல அடிப்போம். வேற என்ன இருக்கு அதுல?" என்றார். கலக்கியது வெறுங்கையால். டின்னின் மேல் மண்டையோட்டுப் படமும், கீழே இங்கிலீஷில் எச்சரிக்கையும் இருந்தன. அதை வாசித்துச் சொல்ல அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லாமல் இல்லை. மானேஜர் இங்கிலீஷ் பத்திரிகை படிப்பவர். நான் போய் அவரிடம் முறையிட்டேன். "நீங்க படிக்க வந்தவுக. படிச்சிட்டுப் போங்கம்மா," என்றார். ஆட்களிடம் நானே எச்சரிக்கையைப் படித்துச் சொன்னேன். சோலைமலை கவனமாகக் கேட்டுவிட்டு, "சரித்தான், கைக்கு உறை யாரு தருவா?" என்றார்.

4. இந்நிலையில் பேராசிரியர் தோட்டத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. உர மூட்டைகள் வெளியேறின. நாயும் வெளியேறியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கரும்பலகை மாட்டி, போடியிலிருந்து ரப்பர் கையுறைகளை ஜீப்பில் வரவழைத்தார்கள். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஆபீஸ் குமாஸ்தாக்களும் ஜீப் டிரைவர் மொக்கையனும். மருந்தடிக்கும் ஆட்கள் பார்வைக்கு நன்றாக இருக்க மாட்டார்கள் என்று அவர்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள்.

5. பேராசிரியர் மத்தியானம் வந்தார். கோழிக் குழம்பு சாப்பிட்டார். பிறகு வகுப்புக்கு எழுந்தருளி, "இந்தப் பயிற்சியினால் நீங்கள் அடைந்த பயன் என்ன?" என்று கேட்டார். மொக்கையன் எழுந்து, காலையிலிருந்து பாடம் பண்ணியதைப் பிசகாமல் ஒப்பித்தார்: "உற்பத்தித் திறன் ஒசந்துருக்குங்கய்யா. விபத்துக் கொறஞ்சிருக்குங்கய்யா." பேராசிரியரின் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வருஷம் அவரிடம் படித்த எங்களில் ஒருவரும் அந்த முகத்தை அவ்வளவு மலர வைத்ததில்லை.

6. அப்போது வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்ற கருத்தம்மாள், சோலைமலையின் மனைவி, உள்ளே பார்த்துச் சொன்னார்: "அய்யா, பெஞ்சில உக்காந்துருக்கிற இந்த அண்ணே ஜீப்பு ஓட்டுறவரு. மருந்தடிக்கிறது எம் வீட்டுக்காரரு. அவரு அந்தா, அந்தச் சரிவுலதான் நிக்கிறாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கய்யா."

அந்த அம்மாள் பேசியது தமிழ். பேராசிரியரின் தாய்மொழியும் தமிழ். ஆயினும் அவர் மானேஜரின் முகத்தைப் பார்த்தார். மானேஜர், வழியெல்லாம் அட்டை, கால்சராய்க்குள் ஏறிவிடும் என்றார். உடனே பேராசிரியர் கருத்தம்மாளிடம், "அது நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வராதும்மா," என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, கூப்பிடு தூரம்தான், நான் முன்னால் நடக்கிறேன்," என்று நானும் சொன்னேன். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்றார். அப்போது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மானேஜர் கொடுத்த பச்சை ஏலக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையிறங்கிப் போனார்.

வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை, ஓர் அட்டைக்குப் பயந்து கைவிட்ட மனிதரிடம் நான் படித்திருக்கிறேன் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

7. கையுறைகள் மானேஜரின் அலமாரிக்குள் போயின. அடுத்த வாரமே சோலைமலை காட்டில் விழுந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அவரை ஜீப்பில் கிடத்தி, தலையைக் கருத்தம்மாள் மடியில் வைத்துக்கொள்ள, கால்களை நான் பிடித்துக்கொண்டேன். மொக்கையன் வண்டியை விரட்டினார். கொண்டை ஊசி வளைவுகளில் கருத்தம்மாள் அழவில்லை. "வெரசாப் போண்ணே, வெரசாப் போ," என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அழுதது மொக்கையன்தான். "விபத்துக் கொறஞ்சிருக்குன்னு நான்தான தங்கச்சி எந்திரிச்சுச் சொன்னேன். சாகக் கெடக்கிறது இவருல்ல," என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அழுதார். போடி ஆஸ்பத்திரி டாக்டர் உயிரைக் காப்பாற்றிவிட்டார். கைகளைக் காப்பாற்ற முடியவில்லை; இரண்டும் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன; எதையும் பிடிக்க முடியவில்லை.

8. விசாரணைக்கு வந்த தொழிலாளர் இன்ஸ்பெக்டரிடம் கம்பெனி சொன்னது: சோலைமலை முறைப்படி பயிற்சி பெற்றவர், தம் அசட்டையால் விழுந்தார், ஆகையால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. வெளியாள் என்று என்னை உள்ளே விடவில்லை. மொக்கையன் மட்டும் எழுந்து, வகுப்பு நடந்ததே இல்லை, பெஞ்சில் உட்கார்ந்தது தாம்தான் என்று உண்மையைச் சொன்னார். அன்றே அவருக்கு வேலை போயிற்று. இப்போது தேவாரத்தில் லோடு லாரி ஓட்டுகிறார். இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். சந்தேகப்பட்டு, நேரில் பார்த்தவரையே கேட்டுவிடுவோம் என்று டாக்டர் ஆதித்தன் அவர்களைக் கேட்டார். அவர், மருந்தடிக்கும் தொழிலாளர்கள் கையுறை அணிந்து சிறப்பாகப் பயிற்சி பெறுவதைத் தம் கண்ணாலேயே கண்டதாகச் சொன்னார். டிரைவரின் சொல்லுக்கு முன்னால் டாக்டர் பட்டத்தின் சொல் நின்றது. சோலைமலையையும் கருத்தம்மாளையும் சட்டிபானையோடு லயத்திலிருந்து வெளியேற்றினார்கள்.

9. கண்டது அனைத்தையும் கட்டுரையில் எழுதினேன். பேராசிரியர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, "இந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. வருஷாவருஷம் நமக்கு இடம் தருகிற கம்பெனி அது. நாளைக்கு மாணவர்களை எங்கே அனுப்புவது?" என்றார். வகுப்பே நடக்காத இடத்துக்கு மாணவர்களை அனுப்புவானேன் என்று கேட்டேன். "பெண்களுக்கு உணர்ச்சி அதிகம். ஆராய்ச்சிக்கு அது ஆகாது," என்றார். ஒரு மனிதன் விழுந்ததைக் கண்டு கலங்குவது உணர்ச்சி என்றால், ஆம், எனக்கு உண்டு. அட்டைக்கு நடுங்குவது எந்த வகை ஆராய்ச்சி என்று கேட்க நாவு வரை வந்தது. ஆசிரியர் என்பதால் அடக்கிக்கொண்டேன். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாய்மொழித் தேர்வில் என்னை விசாரித்த மூவரில் அவரே தலைவர். ஏலத் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மற்ற இருவருக்கும் தெரியாது. கட்டுரை நிராகரிக்கப்பட்டது.

10. தோட்டத்தில் பின்பு நடந்ததையும் தாங்கள் அறிய வேண்டும். கருத்தம்மாளை வெளியேற்றிய மறுநாள், மருந்தடிக்கும் ஆட்கள் பம்பைத் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பழம் எடுக்கும் பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். செடியில் ஏலம் முற்றி வெடிக்கும் சமயம். மானேஜர் மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "சொல்லிக் குடுங்க, உறையக் குடுங்க, கருத்தம்மாளுக்கு வீட்டக் குடுங்க. பெறகு பம்பத் தூக்குறோம்," என்பதைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசவில்லை. கடைசியில் மருந்துக் கம்பெனியின் ஆள் மதுரையிலிருந்து ரயிலேறி வந்தார். சுண்ணாம்பு அடித்த அறையில் நுழையாமல் நேரே காட்டுக்குப் போனார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் நிற்பது, எப்படிக் கலக்குவது, வேலை முடிந்ததும் எப்படிக் குளிப்பது என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அலமாரி திறந்தது. கருத்தம்மாளுக்கு லயத்து வீடு திரும்பக் கிடைத்தது. டாக்டர் ஆதித்தன் அவர்கள் ஒரு வருஷம் பேசிய பாடத்தைப் பள்ளிக்கூடத்து வாசலைக் காணாத அந்த ஜனங்கள் உட்கார்ந்தே வாங்கிவிட்டார்கள். சர்வகலாசாலைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

11. ஆகவே நான் கோருவது:

(அ) என் கட்டுரையை, வெள்ளிமுடிக்கு நேரில் வந்து பார்க்கச் சம்மதிக்கும் வேறு இருவரைக் கொண்டு மறுபடி திருத்தச் செய்ய வேண்டும்.

(ஆ) அது இயலாதெனில், நான் தவறியவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதனால் எனக்கு மானக்கேடு இல்லை. மானக்கேடு யாருக்கு என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம்.

(இ) ஆனால் டாக்டர் ஆதித்தன் அவர்கள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதைத் திரும்பப் பெறும்படி தாங்கள் உத்தரவிட்டே ஆக வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க உரிமை இல்லை. சோலைமலையின் நஷ்டஈட்டு வழக்கு இந்த மாதக் கடைசியில் மறுபடி எடுக்கப்படுகிறது. அவர் பயிற்சி பெற்றவர் என்ற அந்த ஒரு பொய்தான் இன்னும் வழியில் நிற்கிறது.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கருத்தம்மாள் வேலைக்குப் போகுமுன் கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சோலைமலை வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கப்பட வேண்டியவர் அவரல்ல ஐயா. அதைச் சோலைமலைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தாமதமின்றிச் செலுத்துமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: போடிநாயக்கனூர்
தேதி: 6-4-1959

இங்ஙனம்,
தங்கள் சர்வகலாசாலையின் தவறிய மாணவி,
(ஒப்பம்) ஞா. ஜெயபாக்கியம்