வால் குத்தி நிற்கும் விமானம்

நேற்று உங்கள் முதல் வருஷத்து ஆட்டத் திவசம் முடிந்தது. வந்தவர்கள் போனபிறகு, பாத்திரம் அடுக்க அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் பிளேன் ஒட்டிய அந்தப் பசை மணம் முகத்தில் அடித்தது. ஒரு வருஷமாகியும் போகவில்லை. பெட்டிக்குள் உங்கள் விளையாட்டுப் பிளேன் வாலைக் குத்தி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு இருந்தது, நீங்கள் விட்டுப்போன மாதிரியே.

மகன் லண்டனிலிருந்து அனுப்பியது. களுவாஞ்சிக்குடித் தபால் கந்தோரிலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தீர்கள். வெள்ளைக்காரன் அந்த நாளில் செய்த ஜெட் சண்டை விமானமாம். துண்டு துண்டாகக் கிடந்ததை நாம்தான் ஒட்ட வேண்டுமாம். பெட்டி மூடியில் பேரன் தன் கையால் ‘அப்பப்பாவுக்கு’ என்று தமிழில் எழுதியிருந்தான். லண்டனில் பிறந்த பிள்ளை! அந்த மூடியை ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன்.

நீங்கள் மூடியில் இருந்த விமானப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தீர்கள். சண்டைக் காலத்தில் ஒருநாள், பிளேன் இரைச்சல் கேட்டு நாங்கள் குப்புறப் படுத்திருக்க, மகன் மட்டும் வீட்டு வளவு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தான். ஏழு வயது. நீங்கள் அவனுக்கு அடித்தது அந்த ஒரு நாள்தான். அவனும் மறக்கவில்லை போல.

“அப்பா, இது குண்டு போடாத பிளேன். பயப்பிடாம ஒட்டுங்க. முடிஞ்சதும் சொல்லுங்க, வந்து பாக்கிறன்,” என்றான் போனில்.

கிழிந்த மீன்வலை பொத்திய விரல்கள் உங்களுடையவை. ஈர்க்கு நுனியில் பசை தொட்டு, கடுகளவு துண்டையும் இடம் பிசகாமல் ஒட்டினீர்கள். ஒன்று கீழே விழுந்தால் என்னை வீடு கூட்டவும் விடமாட்டீர்கள். மழைக்கு முன் எல்லாம் முடிந்தது. ஆனால் அடியில் உருளும் சில்லில் நிறுத்தினால் வால் பக்கம் சாய்ந்துவிடும்.

“முன்னுக்கு, மூக்குக்குள்ள பாரம் வைக்கச் சொல்லிக் கிடக்கு. ஒட்டுற விதம் போட்ட தாளில படத்தப் பாருங்க,” என்றேன்.

“அஞ்சாம் வகுப்புக்காரி பேசாம இருகா.”

“நீங்க மூணோட ஓடி வந்த ஆள்தானே!”

சிரித்தீர்கள். “மறுகா பாப்பம்,” என்றீர்கள். அந்த மறுகா வரவே இல்லை. மகன் போனில் எடுக்கும்போதெல்லாம், “இன்னும் கொஞ்சம் கிடக்கு மனே,” என்றே சொன்னீர்கள். அவனுக்கு அங்கே அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. பெண்டாட்டி பிள்ளை அங்கே. நானோ, ஒரு படம் விளங்காத மனிசன் என்று அயலெல்லாம் உங்களைப் பகிடி பண்ணிச் சிரித்துத் திரிந்தேன்.

நெஞ்சுவலி என்று படுத்தீர்கள், எழும்பவில்லை. கொள்ளி வைக்க அவன் வரவில்லை. போனில் பார்த்துக்கொண்டு அழுதான்.

நேற்று அந்தத் தாளுக்கு அடியில் ஒரு நெருப்புப்பெட்டி இருந்தது. உள்ளே பஞ்சில் சுற்றியபடி, வலை தாழக் கட்டும் ஈயக் கட்டி ஒன்று, மூக்களவுக்குத் தட்டி அராவியதில் மினுங்கியது. பிளேனின் மூக்கைத் தொட்டேன், கையோடு வந்தது. அதை நீங்கள் ஒட்டவே இல்லை, சும்மா பொருத்தி வைத்திருக்கிறீர்கள். ஈயத்தை உள்ளே வைத்தேன். கொட்டைக்குள் பருப்பு மாதிரி இருந்துகொண்டது. பிளேன் மூன்று சில்லிலும் நேராக நின்றது.



எல்லாம் உங்களுக்கு விளங்கித்தான் இருந்திருக்கிறது. முடிந்தது என்று சொன்னால், வர ஏலாது என்று அவன் வாயால் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்ல வைக்காமலே போய்விட்டீர்கள். இதையும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பகிடி பண்ணியிருக்க மாட்டேனே.

இன்று காலை அவன் எடுத்தான். வழக்கைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திவசம் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டு, “அம்மா, அப்பாட பிளேன் என்ன மாதிரி இருக்கு?” என்றான்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூக்கைக் கழற்றினேன். ஈயத்தை வெளியே எடுத்தேன். வால் நிலத்தில் டக்கென்று குத்தியது.

“இன்னும் கொஞ்சம் கிடக்கு மனே. நான் பாக்கிறன்.”

“ஓம் அம்மா. அவசரமில்ல, ஆறுதலாச் செய்யுங்க,” என்றான். அவன் மூச்சு விட்டது கேட்டது.

அவன் வரமாட்டான். ஈயம் என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. குனிந்தால் முழங்காலில் தட்டுகிறது.