என் பக்கத்து பிரேக்

பிப்ரவரி 4, புதன்

இன்று காலை வகுப்புக்கு வந்தவர் ஒரு வங்கி மேலாளர். அலுவலகத்தில் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்குகிறவராம். என் காரில் ஏறியதும் பூனைக்குட்டி ஆகிவிட்டார். கிளட்சைப் படக்கென்று விட்டார், வண்டி நடைபாதையில் ஏறப் பார்த்தது. என் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நம்பித்தான் இத்தனை வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது.

“நீங்க மட்டும் பக்கத்துல இல்லைன்னா என்ன ஆகியிருக்கும் மேடம்?”

“நான் இல்லாத நாளுக்குத்தானே கத்துக்கறீங்க,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டியிருந்தது.

வந்துவிட்டது. திரும்பவும் வந்துவிட்டது. ரத்தப் புற்றுநோய், மூன்றாவது தடவை. எலும்பு மஜ்ஜை கொடுக்கப் பொருத்தமான ஆளும் கிடைக்கவில்லை. வழக்கமான மருந்து இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொன்னபோது, கூட வந்த என் வீட்டுக்காரர், இவர் தன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். வீடு வருவதற்குள் அது கையோடு வந்துவிட்டது.

எனக்கு ஐம்பத்திரண்டுதானே ஆகுது?

பிப்ரவரி 9, திங்கள்

ஒரு வழி இருக்கிறதாம். இன்னும் ஆய்வில் இருக்கும் சிகிச்சை. அதை நடத்தும் டாக்டரம்மா சின்ன வயசுதான். ஆனால் எதையும் பூசி மெழுகவில்லை.

“உங்க ரத்தத்துல காவல் காக்கிற அணுக்கள் இருக்கு. அதுங்களுக்குப் புற்று அணுவை அடையாளம் தெரியல. நாங்க அதுங்களை வெளிய எடுத்து, அடையாளம் தெரியற மாதிரி மாத்தி, பெருக்கி, உங்க உடம்புக்குள்ளயே திருப்பி விடுவோம்.”

“அதாவது, லைசென்ஸ் வாங்கிட்டு வருது.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். நான் எது சொன்னாலும் சிரிக்கிற மனுஷன்.

எனக்கு முன்னால் ஒரு சிலருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். சிலர் நன்றாக இருக்கிறார்கள். சிலருக்கு நோய் திரும்பியிருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டார்.

“அணுக்கள் சண்டை போடறப்போ சில பேருக்கு மூளையைப் பாதிக்கும். பேச்சு, எழுத்து தடுமாறும். அவருக்கு அது ராத்திரிக்குள்ள முத்திடுச்சு. நாங்க காலையிலதான் பார்த்தோம். அன்னிக்கு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சோதிப்போம். இப்போ ரெண்டு தடவை.”

“அங்க என் பக்கத்துல பிரேக் இருக்குமா?”

“இருக்கு. மருந்து இருக்கு. ஆனா நேரத்துல மிதிக்கணும்.”

கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு கையிலிருந்து ரத்தம் போகிறது, இயந்திரத்துக்குள் சுற்றுகிறது, மறு கை வழியாக வந்துவிடுகிறது. வேண்டிய அணுக்கள் மட்டும் மேலே தொங்கும் பைக்குள் சேர்கின்றன. தண்ணீர் கலந்த தக்காளிச் சாறு மாதிரி ஒரு நிறம். இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முதலில் தோன்றியது.

பிறகு சும்மா இருக்காமல் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. என் சூடு. எனக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது! அதற்கப்புறம் குழாயை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று இவர் பயந்துவிட்டார்.

மார்ச் 11, புதன்

என் அணுக்கள் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் வளர்கின்றன. நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

உள்ளங்கை அளவுப் பை. புகை கக்கும் தொட்டியிலிருந்து எடுத்து, வெந்நீரில் உருக்கி, கம்பத்தில் மாட்டினார்கள். இவர் வாங்கி வந்த தேநீர் ஆறுவதற்குள் பை காலி. என் வாயில் ஒரே பூண்டு வாசனை. உறைய வைக்கச் சேர்த்த மருந்தின் வேலையாம். இவர் ஜன்னலைத் திறக்கப் போனார். அது திறக்கிற ஜன்னல் இல்லை.

போனவை திரும்பி வந்துவிட்டன. என்னுடையவைதான், ஆனால் எனக்குத் தெரியாததைக் கற்றுக்கொண்டு வந்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கவனித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய காரியம் சத்தமே இல்லாமல் நடக்குமா?

மார்ச் 22, ஞாயிறு

மாலைச் சோதனைக்கு வருகிற நர்ஸுக்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். என்ன மாதம், எந்த இடம் என்று கேட்பாள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லச் சொல்வாள். மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேட்பாள். கடைசியில் தினமும் அதே வாக்கியத்தை எழுத வேண்டும். என் வாக்கியம்: கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பு.

பேனாவைக் காட்டினாள். “கியர்” என்றேன். இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“சரியா சொல்லுங்கம்மா.”

“பேனா, பேனா. கோவிச்சுக்காதே.”

காலை நர்ஸிடமும் இதே விளையாட்டுதான். பாவம், அவள் சிரித்துவிடுவாள்.

மார்ச் 24, செவ்வாய்

காய்ச்சல் கொளுத்துகிறது. கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். டாக்டரம்மாவின் கண்ணில் பயத்தோடு ஒரு வெளிச்சமும் தெரிந்தது. “சண்டை ஆரம்பிச்சிடுச்சும்மா.” இந்த நெருப்பு என் ஆட்கள் மூட்டியதா? மூட்டுங்கடா. நல்லா மூட்டுங்க.

மார்ச் 26, வியாழன்

இன்று கண்ணாடி பார்த்து கண்ணாடி திரும்பு கியர் இல்லை கண்ணாடி கண்ணா

ஏப்ரல் 1, புதன்

கை இன்னும் நடுங்குகிறது. மேலே இருப்பது என் எழுத்துதானாம். எனக்கு நினைவே இல்லை.

ஏப்ரல் 4, சனி

இவர் சொல்லித்தான் தெரியும். 26ஆம் தேதி காலை நர்ஸ் பேனாவைக் காட்டியபோது “கியர்” என்றேனாம். இவர் சிரித்தாராம். “அவ எப்பவும் இப்படித்தான், விளையாடுறா,” என்று சொல்லியும் இருக்கிறார். அவளும் சிரித்துவிட்டுச் சரி என்று குறித்துக்கொண்டாள். எழுத்து கோணலாக இருந்ததற்கும் இவரே, “படுத்துக்கிட்டு எழுதினா,” என்று சமாதானம் சொன்னாராம்.

நான் விளையாடவில்லை. எனக்குள் பேனா என்றுதான் சொல்லியிருப்பேன். வாயில் வந்தது வேறு.

மாலையில் கறார் வந்தாள். கியர் என்றேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பக் கேட்டாள். கியர். எழுதச் சொன்னாள். கண்ணாடி என்பதைத் தாண்ட முடியவில்லை. அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். அரைமணிக்குள் மருந்து ஏறியது.

இவர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “நான் சிரிச்சிட்டேன். உனக்கு அப்படி ஆகிட்டிருந்தப்போ நான் சிரிச்சிட்டேன்.” அந்தப் பெரிய உடம்பு தேம்பித் தேம்பி அழுதது. என்ன பேச்சு இது என்று அதட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்றிலிருந்து ஒரே யோசனை. காலைச் சோதனை என்னைக் கோட்டை விட்டது. பிடித்தது மாலைச் சோதனை. மாலைச் சோதனை வந்ததே அந்த இறந்துபோனவரால்தான்.

அவர் ஆணா பெண்ணா, எந்த வாக்கியத்தை எழுதினார், கட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள் — ‘ஒருவர்’ என்பதைத் தவிர எதுவும் தெரியாது. கேட்டால் சொல்லவும் கூடாதாம். முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு முன்னால் இந்தப் பாதையில் போய், எங்கே வளைவு என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு எப்படி நன்றி சொல்வது? யாரிடம் சொல்வது? மருந்தைக்கூடப் புரிந்துகொண்டுவிடலாம் போல. இது என்னை உலுக்கி எடுக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

மஜ்ஜைப் பரிசோதனை முடிவு.

“தேடிப் பார்த்தோம்மா. ஒண்ணுகூடக் கிடைக்கல.”

“சரியா தேடினீங்களா?”

“பல லட்சம் அணுவுல ஒண்ணு இருந்தாக்கூடக் காட்டிக்கொடுக்கிற சோதனை. கிடைக்கல. இது இன்னிக்கு நிலைமை. நாளைக்கு எப்படின்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

என் அணுக்கள்? அவை இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றனவாம். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ரோந்து. மடியில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை நரம்பு, அதே பழைய சுருக்கம். உள்ளே இத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு தண்டனை: திடீரென்று தலை தடுமாறலாம் என்பதால் சில வாரம் நான் வண்டி ஓட்டக் கூடாது. எனக்கு! ஓட்டப் போவது இவர். கல்யாணமான புதிதில் என்னிடம் ஒரே ஒரு வகுப்புக்கு வந்து, நான் திட்டியதில் ரோஷம் வந்து, வேறு பள்ளியில் போய்க் கற்றுக்கொண்ட மனுஷன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மூன்றாவது கியரைத் தாண்டவே மாட்டேன் என்கிறார். பின்னால் சைக்கிள்காரர் மணி அடிக்கிறார். திட்ட வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 3, புதன்

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் பழைய கட்டிலில் புதிதாக ஒருவர். இருபத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்தில் அவருடைய அக்கா. கறார், அவர்களிடம் சோதனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு. இதுல விளையாட்டுப் பதில் சொல்லவே கூடாது. கூட இருக்கிறவங்க சமாதானம் சொன்னாலும் நாங்க எடுத்துக்க மாட்டோம். ஒரு தடுமாற்றம்னாலும் உடனே டாக்டர். இது இப்போ விதி.”

“அப்படி யாராவது விளையாடினாங்களா?”

“ஒரு அம்மா.”

அந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “அவங்க… இப்போ?”

கறார் வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். யார் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. கண் மட்டும் சிரித்தது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. நடந்துவிட்டேன். என் உளறல் ஒரு விதியாகிவிட்டது! அந்தப் பிள்ளைக்கு நான் யாரென்று தெரியவே போவதில்லை.

வண்டி ஓட்ட டாக்டரம்மா இன்று அனுமதி கொடுத்துவிட்டார். இவர் பயிற்சி வண்டிச் சாவியை நீட்டிவிட்டு மறுபக்கம் ஏறினார், வழக்கமாக நான் உட்காரும் இடத்தில். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீடு வரும்வரை இவர் கால் அந்தப் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது. ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.