சூடாமணியின் போன்

ஆகஸ்ட் 29, 2025 – வெள்ளி

சூடாமணி விழுந்து ஐந்தரை வாரம். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாள். மூளைக்கு இரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது ஓரளவு புரிகிறது, திருப்பிச் சொல்ல வாயில் வார்த்தை இல்லை.

இன்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னப் பெண். ஒரு தாளை வைத்துக்கொண்டு வயது, படிப்பு, எந்தக் கையால் எழுதுவார் என்று கேட்டாள். "வீட்ல என்ன மொழி பேசுவீங்க சார்?" என்றாள். தமிழ்தான் என்றேன். பிறகு, "அவங்க பேசுன வீடியோ இருந்தா தெனமும் போட்டுக் காட்டுங்க. அவங்க குரலைக் கேட்டா வாய் தானா கூட அசையும். ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் சார் நல்லா வரும்" என்றாள்.

என் போனில் சூடாமணியின் குரல் ஒன்றுகூட இல்லை. இடம் அடைக்கிறது என்று வாராவாரம் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அவள் போனில் இருக்கிறது. தினமும் காலையில் மாடிக்குப் போய் ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பேசி வீடியோ எடுப்பாள். யாருக்கும் அனுப்பமாட்டாள். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவள் விழுந்தபோது அந்தப் போன் தொட்டித் தண்ணீருக்குள் போய்விட்டது. பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜரில் போட்டால் ஒரு சலனமும் இல்லை.

மாலையில் ராஜேஷ்குமார் கூப்பிட்டான். அவளுடைய தம்பி, முனிச்சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். நான் எடுக்கவில்லை. அவர்கள் சௌராஷ்டிரா, நான் எழுமலைப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. இவள் என்னோடு வந்த பிறகு இருபத்து மூன்று வருடம் எங்கள் பசுமலை வீட்டு வாசலை மிதிக்காதவர்கள். அவளுடைய அம்மா மட்டும் சாகும்வரை போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்று, "கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருக்கலாம் அத்தான்" என்று இவன் சொன்னான். இனிமேல் என் பொண்டாட்டியைப் பார்க்க வராதே என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

செப்டம்பர் 2 – செவ்வாய்

டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் பேட்டரி வாங்கினேன். கடைக்காரன், "குடுத்துட்டுப் போங்கண்ணே, அரை மணி நேர வேலைதேன்" என்றான். கொடுப்பேனா? கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளனாக இருக்கிறேன். கால்வனாமீட்டரையே பிரித்து மாட்டுகிறவன். இந்த வீட்டில் மிக்ஸி, ஃபேன், மோட்டார் எதுவும் வெளியே போனதில்லை.

"லாக் நம்பர் தெரியும்ல?" என்று கேட்டான். பொம்பளை போனுக்குள் இவனுக்கு என்ன வேலை என்று எரிச்சல் வந்தது. "அதெல்லாம் அவ விரல வச்சாத் தொறக்கும்" என்றேன். "இல்லண்ணே, புதுசா ஆன் பண்ணும்போது..." என்று ஏதோ ஆரம்பித்தான். வேறு ஆள் வந்துவிட்டார். நானும் நிற்கவில்லை.

செப்டம்பர் 3

பேட்டரி அரை செண்டிமீட்டர் நீளம் அதிகம். மாற்றி வாங்கினேன். ஒரு நாள் வீண்.

செப்டம்பர் 7 – ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். பார்க்கட்டும் என்று சூடாமணியைச் சக்கர நாற்காலியோடு எதிரே கொண்டுவந்து வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி, பழைய பஸ் பாஸ் அட்டையை உள்ளே விட்டுச் சுற்றி வந்ததும் பின்மூடி பசை விட்டுக் கழன்றது. பதின்மூன்று திருகாணி. ஒரு தாளில் போனின் படம் போட்டு, கழற்றியதை அதனதன் இடத்தில் ஒட்டிவைத்தேன். பேட்டரிதான் பயம். உப்பியதில் ஆணி பட்டால் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல். ஆய்வகத்து ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்து, தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து அறுத்தேன். கருவாட்டுத் துண்டு மாதிரி வந்து விழுந்தது. புதியதை வைத்து இணைப்பை அழுத்தியபோது 'டிக்' என்ற சத்தம். சட்டை முழுக்க வியர்வை.

ஆன் ஆயிற்று. "வந்துருச்சு சூடா!" என்று கத்திவிட்டேன். அவளுக்கு இடது பக்க உதடு மேலே போனது. சிரிப்புத்தான் அது. அவள் வலது கட்டைவிரலைத் துடைத்துப் பிடித்து வைத்தேன்.

செல்லாதாம். போன் அணைந்து மறுபடி எழுந்தால் முதலில் ஆறு இலக்க எண் வேண்டுமாம். விரல் அதற்குப் பிறகுதானாம். கடைக்காரன் சொல்ல வந்தது இதைத்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன்.

திரையைப் பார்த்ததும் சூடாமணி ஏதோ முனகினாள். விழுந்த பிறகு இவ்வளவு நீளமாகச் சத்தம் வந்தது இன்றுதான். பரபரப்பில் வருகிறது போல. "இரு சூடா, இரு, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

செப்டம்பர் 8

அவள் பிறந்த நாள் – இல்லை. கல்யாண நாள் – இல்லை. வீடு குடிவந்த நாள் – இல்லை. ஐந்து தடவைக்குப் பிறகு காக்க வைக்கிறது. கீழே பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை: பதினைந்து முறை தவறினால் எல்லாம் அழிந்துவிடும். இந்த ஏற்பாட்டை எப்போது செய்துவைத்தாளோ!

ஒன்று, இரண்டு என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆட்டினாள். போனையே கையில் கொடுத்தேன். இடது விரல் நடுங்கி நடுங்கி எங்கெங்கோ விழுந்து ஒரு முறை வீணாயிற்று. பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியிருக்க வேண்டாம். மறுபடியும் அதே முனகல்.

செப்டம்பர் 11 – வியாழன்

பகலில் சூடாமணியைப் பார்த்துக்கொள்ள முருகம்மாள் வருகிறாள். மாலை நான் செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டாள். "சார், அக்கா ஒளறலய. போனக் காட்டுனாப் போதும், தெனமும் அதே மாதிரிதேன் சொல்லுது. ஆறு தடவ வாயத் தொறக்குது. எண்ணிப் பாத்தேன்."

"நீ டாக்டருக்குப் படிச்சியா?" என்றேன். முகம் சுருங்கி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாள் முழுக்க ஒண்டியாக மல்லுக்கட்டுகிறவள். சொல்லியிருக்க வேண்டாம்.

பயிற்சிக்கு இந்த வாரம் போகவில்லை. வீடியோவோடுதான் போவது என்று இருக்கிறேன்.

செப்டம்பர் 14

பதினொன்று முடிந்தது. அவள் அம்மா இறந்த தேதியும் இல்லை. அந்தத் தேதியைப் பீரோவில் கிடந்த கருமாதிப் பத்திரிகையில் தேடித்தான் எடுத்தேன். நான் சாவுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 16

பதின்மூன்று. போனை எடுத்தாலே ஆரம்பித்துவிடுகிறாள். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக, கடைசியில் இடது கையால் நாற்காலியை அடித்துக்கொண்டு. எனக்குத் தலை வெடிக்கிறது. இன்றைக்கு, "வாய மூடுடி கொஞ்சம்"னு சொல்லிட்டேன். பேச்சு வரணும்னு தவங்கிடக்குறவன் சொல்ற வார்த்தையா இது?

செப்டம்பர் 19 – வெள்ளி

போச்சு.

பதினான்காவது என்ன போட்டேன் என்பதே நினைவில்லை. பதினைந்துக்கு ஒன்றை வைத்திருந்தேன். முதல் நாளிலிருந்தே வைத்திருந்தேன். என் பிறந்த நாள். அதுவாகத்தான் இருக்கும் என்று அம்புட்டு நம்பிக்கை. அதனாலேயே அதைத் தொடாமல் கடைசிக்கு வைத்திருந்தேன், சீட்டாட்டத்தில் துருப்பைப் பதுக்குகிறவன் மாதிரி. அவள் பார்க்க எதிரே உட்கார்ந்து போட்டேன். அவள் கத்தினாள். கத்தக் கத்த அழுத்தினேன்.

திரை கறுத்தது. பிறகு வெள்ளையாக வந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கடையில் புதிதாக வாங்கினால் கேட்குமே, அப்படி.

செப்டம்பர் 20

முனகல் நின்றுவிட்டது.

அக்டோபர் 4 – சனி

பதினைந்து நாளாக ஒரு சத்தமும் இல்லை. சாப்பாட்டுக்கு வாய் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். போனை மடியில் வைத்தால் பார்ப்பதுகூட இல்லை. பயிற்சிப் பெண் படங்களைக் காட்டிக் காட்டிச் சோர்ந்துபோனாள். "நடுவுல வார்த்தை ஏதாச்சும் வந்துச்சா சார்?" என்று கேட்டாள். ஏதோ உளறிக்கொண்டிருந்தாள் என்றேன். "உளறலா இருந்தாலும் ரெக்கார்டு பண்ணியிருக்கலாமே" என்றாள். கூட வந்திருந்த முருகம்மாள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

அக்டோபர் 20 – தீபாவளி

ராஜேஷ்குமார் வந்தான். ஒரு சேலை, ஒரு பெட்டி இனிப்பு. வாசலில் நின்றே, "திட்டுனாலும் பரவாயில்ல அத்தான், பாத்துட்டுப் போயிர்றேன்" என்றான். நல்ல நாளும் அதுவுமாக என்ன சொல்வது? உள்ளே விட்டேன்.

அவள் காலடியில் உட்கார்ந்து அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தான். வெகு நேரம் பேசினான். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். அப்போது கேட்டது. அதே ஆறு சத்தம். பதறி ஓடி வந்தேன். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவள் ஒன்றைச் சொல்ல, அவன் அடுத்ததைச் சொல்ல, சின்னப்பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல இருந்தது.

"என்னப்பா சொல்றா?"

"நம்பர் அத்தான். எங்க பழைய வீட்டு லேண்ட்லைன் நம்பரு. காணாமப் போனாச் சொல்லணும்னு அம்மா எங்களுக்கு எங்க பாஷையில மனப்பாடம் பண்ண வச்சது. அப்ப ஆறு இலக்கந்தான?"

எனக்குத் தெரியாதா அந்த எண்? டைப்ரைட்டிங் வகுப்பில் பழகிய புதிதில், பசுமலை ஸ்டாப்பிங் பக்கத்துப் பூத்திலிருந்து எத்தனை மாலை அதைச் சுழற்றியிருக்கிறேன். அவள் அப்பா எடுத்தால் வைத்துவிடுவேன். அவள் எடுத்தால் ஒரு ரூபாய் தீரும்வரை. இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது. இங்கே எழுதக் கை வரவில்லை.

பன்னிரண்டு நாள் சொன்னாள். வாயைத் திறந்து, ஒழுங்காக, சரியாகச் சொன்னாள். எனக்குத்தான் அது பேச்சு என்று தெரியவில்லை. அம்மா சாகும்வரை அடுப்படியில் நின்று அவரோடு அந்தப் பாஷையில்தான் போனில் பேசினாள். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். பத்து வரைக்கும் எண்ணக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை நான். செடிகளோடு எந்தப் பாஷையில் பேசினாளோ, அதுவும் இனி தெரியப்போவதில்லை.

என்ன மனுசன்யா நான்? வேலக்காரிக்கு வெளங்குனது எனக்கு வெளங்கல.

அக்டோபர் 23 – வியாழன்

ராஜேஷ்குமாரும் மருத்துவமனைக்கு வந்தான். பயிற்சிப் பெண் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தன் தாளைப் புரட்டினாள். "வீட்ல தமிழ்னுதான சார் எழுதியிருக்கு?" கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தாய்மொழி முதலில் திரும்புவது சிலருக்கு உண்டாம். எது வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டுமாம். நாள் முழுக்க அந்தப் பாஷை காதில் விழுகிற இடத்தில் இருந்தால் நல்லது என்றாள். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கு எண்ணத் தெரியும்.

ராஜேஷ்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்க வச்சுப் பாத்துக்கிறோம் அத்தான். நீங்க சரின்னாத்தான்" என்றான்.

நவம்பர் 2 – ஞாயிறு

சூடாமணியை முனிச்சாலைக்கு அனுப்பினேன். சேலைகளை முருகம்மாள்தான் மடித்து வைத்தாள். அவளுக்கு இனி இங்கே வேலை இல்லை. "அன்னைக்கு உங்கிட்டப் பேசுனது தப்புத்தேன் முருகம்மா" என்றேன். "அதெல்லாம் ஆறிப்போச்சு சார். அக்கா பேசட்டும்" என்றாள்.

நவம்பர் 19

கல்லூரி விட்டுத் தினமும் போய் வருகிறேன். ஏழு வார்த்தை வந்திருக்கிறதாம். ராஜேஷ்குமாரின் மனைவி ரம்யாஸ்ரீ நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், எனக்காகப் பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டு. பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டே வந்தேன். தண்ணீர், போதும், வலி மூன்றும் மனதில் நின்றன. நான் உச்சரித்தால் ரம்யாஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தமிழில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 14 – ஞாயிறு

இன்று ஊன்றுகோலோடு கூடத்தில் நாலு எட்டு நடந்தாள். முகம் தெளிந்திருக்கிறது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சூடா, வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டேன்.

என்னை நேராகப் பார்த்தாள். உதட்டைக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, ஒன்றைச் சொல்லி முடித்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். விழுந்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியமாம். ரம்யாஸ்ரீ ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் தட்டினேன்.

தட்டி ஓய்ந்த பிறகுதான், "என்ன சொன்னா?" என்று கேட்டேன். ராஜேஷ்குமார் காபி டம்ளரை எடுத்துக் கீழே வைத்தான்.

"வீட்லதான இருக்கேன்னு சொல்றா அத்தான்."

ஆறரை மணி பஸ்ஸில் பசுமலைக்கு வந்துவிட்டேன்.