தையல்காரர் யாருடன் வீட்டுக்குப் போவது?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறானா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று மனநல வார்டிலிருந்து ஒரு தையல்காரரை வீட்டுக்கு அனுப்பினோம். அவர் யாருடன் போகிறார் என்று படிவத்தில் எழுத வேண்டியது சமூகப் பணியாளரான என் வேலை. எழுதுவதற்கு அவருக்கு யாருமே இல்லை.

"உங்க ஊர்ல என்னை மாதிரி ஆளுக்கு யாரும்மா இருப்பாங்க?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நோயாளியின் அம்மா பாய் விரித்துப் படுத்திருப்பார் என்றேன்.

"அடடா, எனக்கு அங்கேயே பைத்தியம் பிடிச்சிருக்கலாம் போல!"

இருவரும் சிரித்தோம். பிறகு நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மீதியை அவரிடம் சொல்லவில்லை, அம்மா. இங்கே டாக்டர் முதலில் நோயாளியோடு தனியாகப் பேசுவார். அங்கே நம் ஊரில் டாக்டர் தம்பியைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நீயும் நானும்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நீ சும்மா இருடா, டாக்டருக்கு நேரமில்லை" என்று அடக்கியவள் நான். அடுத்த வாரமே அவன் உயிரை விடப் பார்த்தான். பிழைத்துவிட்டான். ஆனால் இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்கிழமை தம்பியோடு டாக்டரிடம் போகும்போது நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள். உள்ளே என்ன பேசினான் என்று துருவாதே. முடிந்தால் என் பழைய நீலப் போர்வையை அனுப்பு. குளிரெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

வார்டில் கூப்பிடுகிறார்கள். அக்கா விசாரித்தாள் என்று தம்பியிடம் சொல்ல வேண்டாம். அவனாக என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், அன்றைக்கே எனக்கு எழுது.

உன் மகள்