புளிப்பில்லாத ஆப்பிள்

அக்டோபர் 9, 1908
கிணற்றடி மரத்தில் ஆப்பிள் பறித்தோம். தால்மன் ஸ்வீட் ரகம் என்றார் என் கணவர் லியாண்டர். வெளிர்மஞ்சள், காம்பிலிருந்து அடிவரை தையல் போட்டாற்போல் ஒரு கோடு. கடித்தால் சாறே இல்லை, வெறும் இனிப்பு. பாஸ்டனை விட்டு இவருக்கு இரண்டாம் தாரமாக இந்தப் பண்ணைக்கு வந்து ஐந்து மாதம். இவர் மகள் ஆர்ஃபா ஏணியில் நின்று பறித்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்டோபர் 10
நாளை தேவாலய விருந்து. மாவுக்குள் ஆப்பிள் துண்டுகளை வைத்து ஆறு ஆப்பிள் பை சுட்டேன். இனிப்புப் பழம்தானே என்று சர்க்கரையைக் குறைத்தேன். ஆர்ஃபா கடைசிவரை மேசையோரம் நின்று பார்த்தாள்.
"உன் அப்பாவுக்குப் பிடிக்குமா?"
"நீங்க செஞ்சா சாப்பிடுவார்."

அக்டோபர் 11
மானம் போயிற்று. துண்டுகள் குழையவே இல்லை. சப்பென்று, சக்கை மாதிரி. பக்கத்துப் பண்ணை ஹாஸ்கெல் அம்மாள் எல்லார் எதிரிலும், "தால்மன்ல யாராச்சும் பை பண்ணுவாங்களா? பேருக்குக்கூடப் புளிப்பு கிடையாதே! பாஸ்டன்காரங்க ஆப்பிளைப் படத்துலதான் பாத்திருக்கீங்களோ?" என்றாள். ஒரே சிரிப்பு. "ஏன், ஆர்ஃபா சொல்லலையா? அவ அம்மாகூட நின்னு பழகினவளாச்சே."
தெரிந்திருக்கிறது. தெரிந்தே நின்றிருக்கிறாள். பதிமூணு வயசு! அவளுக்கு அப்படி என்ன செஞ்சுட்டேன் நான்?

அக்டோபர் 12
"நீ சுடறப்போ ஆர்ஃபா பக்கத்துல இருந்தாளா?" என்று கேட்டார் லியாண்டர். முகம் கறுத்திருந்தது. அவள் மாடிப்படியில் நிற்பது எனக்குத் தெரியும்.
"இல்ல. கோழிக்கூட்டுக்குப் போயிருந்தா."
ஏன் பொய் சொன்னேன்? அவளுக்காகவா, எனக்காகவா — தெரியவில்லை.

அக்டோபர் 17
காலையில் அடுப்படியில் ஆர்ஃபா. ஆப்பிள்களைத் தோலோடு முழுசாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "இளஞ்சூட்டுல மூணு மணி நேரம் வைக்கணும். உடையாது, இதோட குணம் அது. பாலை ஊத்திச் சாப்பிடணும்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.
தட்டு நிறைந்ததும், "அன்னிக்கு நான் கோழிக்கூட்டுக்குப் போகலை."
"தெரியும்."
"அது எங்கம்மாவோட மரம். நீங்க அவமானப்படணும்னு நெனச்சேன்."
தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவருமாக உள்ளே தள்ளினோம்.
வெந்தபின் தோல் சுருங்கி, தேன் மாதிரி கசிந்திருந்தது. லியாண்டர் மூன்று சாப்பிட்டார்.

நவம்பர் 2
மீதிப் பழத்தை முழுசாகக் கிராம்பு குத்தி, வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஊறுகாய் போட்டோம். வீடெங்கும் நெடி. ஜாடியை நகர்த்தப் போனேன்.
"ஐயோ, கையை எடு! கொதிக்குது, சுட்டுக்கப் போற நீ!"
'நீங்க' என்பது 'நீ' ஆனதை ஆர்ஃபா கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.