அடி கிரேட்டும் நியூட்ரான் விண்மீனும்

இன்று காலை மண்டியில் இறங்கிய ஒரு தக்காளி லோடில் அடி வரிசை கிரேட்டுகள் நசுங்கிச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தன. மேல் வரிசைப் பழமோ கல் மாதிரி இருந்தது. வெயில் ஏறியதும் புளித்த வாடை கிளம்பியது. உன் நினைப்பு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து விடுமுறைக்கு வந்தால், வீட்டுக்குப் போகும் முன் பாலக்கோட்டில் இறங்கி என் மண்டிக்குத்தான் வருவாய். கடைசி விடுமுறைக்கு வந்த அன்றும் அப்படித்தான். மேல் கிரேட்டில் நாலு பழத்தை அமுக்கிவிட்டு லோடு முழுவதற்கும் நான் விலை சொன்னதைப் பார்த்துச் சிரித்தாய்.

"யோவ் யாவாரி, அடியில என்ன இருக்குதுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பத்து வருசமா அமுக்கறேன். தெரியாதா?"

"எங்க வேலையும் இதேதான்டா. ஆனா அடி கிரேட்டு தெரியலன்னு நாங்க ஒத்துக்குவோம்."

காலி கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து விளக்கினாய். அணுக்கருப் பொருளில் புரோட்டானும் நியூட்ரானும் சரிபாதியாக இருந்தால் நிம்மதி. நியூட்ரான் மிஞ்சினால் அதற்கென்று கூடுதல் ஆற்றல் பிடிக்கும். அதுதான் சமச்சீர் ஆற்றல். சாதாரண அடர்த்தியில் அது எவ்வளவு என்று ஏறக்குறையத் தெரியும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நெருக்கினால் விறுவிறுவென்று ஏறுமா, மெள்ள ஏறுமா என்பதில்தான் சண்டை. ஈய அணுக்கருவின் ஓரத்தில் நியூட்ரான்கள் தோல் மாதிரி ஒதுங்கி நிற்குமாம். அந்தத் தோலின் தடிமனிலிருந்து அந்த ஏற்றத்தைக் கணிப்பது உன் வேலை.

"இது தெரிஞ்சா தக்காளி வெல ஏறுமா?"

"ஏறாது. நியூட்ரானா நெருக்கி அடச்ச நியூட்ரான் நட்சத்திரம் எத்தினி கிலோமீட்டரு அகலம்னு தெரியும்."

"அத அளந்து எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியப் போற?"

விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு குரல் இறங்கியது. "உதவித்தொகை முடிஞ்சிருச்சு மாப்ள. இன்னும் ஒரு வருசம் இருந்தா முடிச்சிருவேன். அப்பா வூட்டுக்கு வான்னு ஒரே பிடியா நிக்கறாரு. நீ சொன்னா கேப்பாரு."

மறுநாள் போனேன். உன் அப்பா கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். "உஞ் சிநேகிதன் அங்க என்னதாம்பா பண்றான்?" என்று கேட்டார்.

"ஒரு வருசம்னுவான், அப்பறம் இன்னொரு வருசம்னுவான். வரச் சொல்லிருங்க" என்றேன்.

உனக்காகப் பேசப் போனவன் சொன்னது இதுதான். என் தொழிலில் சரக்கு அன்றைக்கே போயாக வேண்டும்; நாளைக்கென்று வைப்பவன் ஏமாளி. அந்தப் புத்தியை உன் படிப்பிலும் காட்டினேன்.

நீ வந்துவிட்டாய். ஒரு பொறியியல் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தாய். ஆய்வேடு பாதியிலேயே நின்றது. ஒருநாள் டீக்கடையில் சொன்னாய்: "நீயாச்சும் எனக்காகப் பேசிப் பாத்தியே மாப்ள. அவரு கேக்கல, நீ என்ன பண்ணுவ."

நான் டீயைக் குடித்து முடித்தேன். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் கூடவே இருந்தாய். ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் போன வாரம் உன் கேள்விக்கு விடை தேடச் சொன்னேன். "ஈயத்துல அளந்து பாக்கறாங்க, நட்சத்திரத்த வெச்சும் பாக்கறாங்க. இன்னும் முடிவாகலப்பா" என்றாள். அப்படியானால் உனக்கு அந்த ஒரு வருடம் போதாமலும் போயிருக்கலாம். அதை நீ அங்கே இருந்து பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் வரப்பில் நின்று சொல்லியிருக்கக் கூடாது.

உன் காரியம் முடிந்த அன்று உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீ சொன்னதாலதான் அவன் இத்தன வருசம் எங்கண்ணு முன்னால இருந்தான்" என்றார். அவர் சொன்ன நன்றி எனக்கு வர வேண்டியதுதான். டீக்கடையில் நீ சொன்னது எனக்கு வர வேண்டியதில்லை. அதைத் தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.